தாண்டவுங் மலைச் சிலுவையும் ஒரு பர்மியச் சொல்லும்

அட்சய வருஷம் ஐப்பசியில், தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில், ரங்கூனிலிருந்து தாண்டவுங் மலைக்குப் போய்வந்தேன். குளிர்ச்சிக்காகவும் காட்சிக்காகவும் அங்கே போகிற துரைமார் உண்டு. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று பார்த்துவரப் போனேன்.

அண்ணன் ரங்கூன் அலோன் பகுதி மரக்கிடங்கில் தச்சு வேலை பார்த்தவர். தாண்டவுங்குக்கு அப்பால் கரேன் என்ற மலைச்சாதியாரின் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் மலையுச்சியில் பெரிய மரச்சிலுவை நிறுத்த ஆசைப்பட்டு, தை மாதம் அவரைக் கூட்டிப்போனார்கள். பங்குனிக்குள் வந்துவிடுவேன் என்றார். வரவில்லை. ஆடியில், அந்தப் பக்கம் லாரி ஓட்டும் காசிம் பாயிடம் விசாரித்துவரச் சொன்னோம். அவர் ரங்கூன் போட்டாதாங் பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து, மலைக்காரர்கள் சொன்னார்கள் என்று ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார். மஷிதோபூ.

பர்மாவில் இருக்கும் நம்மவர்களுக்கு விளக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். 'இனி இல்லை' என்று அர்த்தம். ஆள் வேறிடம் போய்விட்டாலும் மஷிதோபூ. செத்துப்போனாலும் மரியாதைக்கு மஷிதோபூ. அதைக் கேட்டு எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒப்பாரிக்குத் தயாரானார்கள். மற்றவர்கள் பொறு பொறு என்றார்கள். அண்ணி அழவில்லை. பூ வைப்பதை நிறுத்தினாள், பொட்டை அழிக்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"தீபாவளி வருது தம்பி. நான் எண்ணெய் தேச்சுக்கிறதா, வெள்ளைச் சீலை கட்டிக்கிறதா? ஒண்ணு தெரிஞ்சாத் தேவலை. யாராச்சும் போயிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

யாராச்சும் என்றால் நான்தான். துறைமுகத்துக் குமாஸ்தா வேலையில் கெஞ்சிக் கூத்தாடி ஐந்து நாள் லீவு வாங்கினேன்.

ரங்கூனிலிருந்து தவுங்கூ சுமார் நூற்று அறுபத்தைந்து மைல். சாயங்காலம் ரயில் ஏறினால் விடிகிற நேரத்துக்கு இறக்கிவிடுவார்கள். ஸ்டேஷன் வாசலில் நம்மவர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். தோசை சுமார்தான். ஆனாலும் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் மேலே போனால் சோறும் நாப்பியும்தான். அந்த மீன் விழுதின் வாடை பிடிக்காத என்னைப் போன்றவர்கள் மலையில் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

அங்கிருந்து சித்தாங் ஆற்றைக் கடந்து தாண்டவுங் இருபத்தெட்டு மைல். லாரிக்கு ஒன்றரை ரூபாய் வாங்குகிறார்கள். நான் காசிம் பாய் லாரியிலேயே ஏறினேன். "பாய், செத்தாரா, போனாரா?" என்று வழியெல்லாம் குடைந்தேன்.

"எனக்குச் சொன்னதை உங்ககிட்டச் சொன்னேன் ஐயா. வளைவுல வண்டி போகையில தொணதொணங்காதீங்க" என்றார். அந்த வளைவுகளைப் பார்த்தபின் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

தாண்டவுங்கிலிருந்து அந்தக் கிராமம் ஆறு மைல் நடை. மழை தூறிக்கொண்டே இருந்தது. அண்ணன் தங்கியிருந்த வீட்டுக்காரர் சோ தூ என்பவர் நல்ல மனிதர். அடுப்பருகே உட்காரவைத்துச் சூடாகத் தேநீர் கொடுத்தார். 'கல்லறை' என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. "அண்ணன் போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டுங்கள்" என்று பர்மியத்தில் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பில் விறகைத் தள்ளினார். காலையில் உச்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். அன்று படுத்தேனே தவிரத் தூங்கவில்லை.

உச்சிக்கு ஏற மூன்று மணி நேரம் ஆயிற்று. முதலில் ஏலக்காய்த் தோட்டங்கள், பிறகு மூங்கில் காடு, கடைசியில் வெறும் பாறை. அட்டைகள் என் காலை விருந்தாக நினைத்துவிட்டன. மூடுபனியில் முன்னால் போகிற சோ தூவின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. என் மடியில் எள்ளும் கற்பூரமும் இருந்தன. அண்ணிக்குத் தெரியாமல் எடுத்துவந்தவை. சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவருக்கு எள்ளிறைக்கப் போகிறேனே என்று நினைத்து, மழையோடு மழையாக அழுதுகொண்டே ஏறினேன்.

சிலுவை இரண்டு ஆள் உயரம். அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மண்மேடு எதையும் காணோம்.

"எங்கே புதைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

சோ தூ விழித்தார். "புதைச்சோமா? யாரை, அக்கோ?" என்று பர்மியர் வழக்கப்படி என்னை அண்ணனாக்கிக் கேட்டார்.

"என் அண்ணனை."

"அய்யோ, அவர் சாகலையே! போய்ச் சேர்ந்த இடம்னு கேட்டீங்க. அது எனக்குத் தெரியாது. போன வழி இதுதான், அதைக் காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன்." சிலுவைக்குப் பின்னால் இறங்கும் ஒற்றையடிப் பாதையைக் காட்டினார். "சிலுவை நின்ன மறுநாள், மூட்டையைத் தூக்கிக்கிட்டு இப்படியே இறங்கிட்டார்."

தமிழில் யோசித்துப் பர்மியத்தில் பேசுகிறவனுக்கு வருகிற வினை இது. நாம் போய்ச் சேர்ந்தார் என்றால் ஆள் காலி. அவருக்கு அது வெறும் பிரயாணம்.

"திரும்பி வருவேன் என்றாரா?"

சோ தூ தயங்கினார். "இல்லை. ரங்கூன்லேர்ந்து யாராவது கேட்டா மஷிதோபூன்னு சொல்லிடுங்கன்னார். செத்துட்டதா நினைச்சுடுவாங்களேன்னு கேட்டேன். நினைக்கட்டும்னார்."

அப்போது எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன்? அண்ணன் எங்கோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே போதுமாக இருந்தது. எள்ளைப் பாறையில் கொட்டிவிட்டுச் சிரித்தேன். அந்தப் பாதையில் இறங்கித் தேடிப் பார்க்கலாமா என்று சோ தூ கேட்டார். வேண்டாம் என்றேன். பாதி மலை இறங்கியபிறகுதான் வயிறு எரிந்தது. அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று தெரிந்தே விட்டுப் போயிருக்கிறார்.

போக நினைக்கிறவர்கள் மார்கழிக்குமேல் மாசிக்குள் போங்கள். ஐப்பசியில் மலை கண்ணுக்கே தெரியாது. குடையால் பிரயோஜனமில்லை. புகையிலை ஊறிய தண்ணீரில் துணியை நனைத்துக் கெண்டைக்காலில் கட்டிக்கொண்டால் அட்டை அண்டாது. மேலே தண்ணீர் இல்லை, கொண்டுபோக வேண்டும். சிலுவை அசையாமல் நிற்கிறது. அண்ணன் கைவேலையில் என்றைக்கும் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறார் என்று முதலில் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபின் மீதியைச் சொல்வது கொடுமையாக இருந்தது. ஆனாலும் ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"நினைக்கட்டும்னா சொன்னாரு?"

"ஆமா அண்ணி."

அண்ணி எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போனாள். கட்டிய சீலையோடு குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டாள். திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை.

"நீங்களும் தலை முழுகிட்டு வாங்க தம்பி. சோறு வடிச்சுடறேன்."

உயிரோடு இருக்கிறவருக்கா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு ஈரத்தோடு நின்றாள். நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனேன்.