சீஸுக்குள் வைத்த மாத்திரை

கனடாவில் எங்கள் சஸ்காட்செவன் பக்கத்தில் யார் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் ஒரு பழைய காபி டப்பா இருக்கும். உள்ளே காபி இருக்காது. செத்துப்போன நாயின் மாத்திரை, விற்றுவிட்ட மாட்டுக்கு வாங்கிய களிம்பு என்று மிச்சம் மீதியெல்லாம் கிடக்கும். டாக்டரைப் பார்க்க இரண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டிய ஊரில் மருந்தை எவன் தூக்கிப் போடுவான்? வேலிக்கு மேலே கை நீட்டிக் கேட்டால் கொடுத்துவிடுவோம். நானும் கொடுத்தேன். அந்தக் கையை வெட்டிப் போட்டாலும் தகும்.

பக்கத்து வீட்டு டார்லீன் ஹ்ரின்கிவ் இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைகள் கூச்சல் போட்டால் திட்ட மாட்டாள். பஸ்ஸை ஓரம்கட்டி, "கத்தி முடிங்க, நான் இருக்கேன்" என்று பின்னல் ஊசியை எடுத்துவிடுவாள். இரண்டு நிமிடத்தில் பஸ் கப்சிப். புருஷன் போய் ஒன்பது வருடமாகிறது. அதற்குப் பிறகு அவளுக்கென்று இருந்தது பிரோகி என்ற நாய் மட்டும்தான். குட்டியில் பிரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை மாதிரி இருந்தானாம், அதனால் அந்தப் பெயர்.

செப்டம்பரில் ஒருநாள் வேலியோரம் நின்று கூப்பிட்டாள்.

"யோவ் வென்டல், இங்க வா. இவன் தாடைக்குக் கீழ தொட்டுப் பாரு. ரெண்டு பக்கமும் கோலிக்குண்டு மாதிரி உருளுது."

"அட, அலர்ஜிதான். செத்துப்போன என் நாய் டியூக்குக்கு வரலையா? அவனோட மாத்திரை மிச்சம் இருக்கு, இரு."

டப்பாவிலிருந்து எடுத்துவந்தேன். குப்பியில் பெயர் எழுதியிருந்தது, படித்தேன். அவளிடம் "அரிப்பு மாத்திரை" என்று மட்டும் சொன்னேன். அவள் கொடுத்தால் பிரோகி துப்பிவிடுவான். நான் சீஸில் சுற்றிக் கொடுத்தால் மெல்லாமல் விழுங்கிவிட்டு என் விரலையும் நக்குவான். அவள் பஸ் எடுக்கப் போகும் முன் தினமும் கொடுத்தேன்.

நாலாம் நாள் கட்டி கரைந்தது! ஊரெல்லாம் "டாக்டர் வென்டல்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி திரிந்தேன். மூன்று வாரத்தில் மாத்திரை தீர்ந்தது. அடுத்த வாரமே கட்டிகள் கோழிமுட்டை அளவில் திரும்பி வந்தன. தோளில், முழங்காலுக்குப் பின்னால்கூட.

என் டிரக்கில்தான் மூவரும் நகரத்துக்குப் போனோம். சோதித்துவிட்டு, டாக்டர் ஒகாம்போ என்ற இளம்பெண் உட்கார வைத்துச் சொன்னாள்.

"இது லிம்போமா, நெறிக்கட்டுல வர்ற கேன்சர். முழுசாத் தீராது. ஆனா வாராவாரம் ஊசி போட்டா நல்லா அடங்கும், ஒரு வருஷம்கூடக் கிடைக்கலாம். இதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு எதுவும் குடுக்கலையே?"

"ஐயோ, இல்ல டாக்டர். அரிப்பு மாத்திரைதான்."

"அதோட பேரு?"

டார்லீன் என் பக்கம் திரும்பினாள். "பிரெட்னிசோன். மூணு வாரம்" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அதுதான் ஸ்டீராய்டு. அதை மட்டும் தனியாக் குடுத்திருந்தா, அப்புறம் மத்த மருந்துக்கும் நோய் மசியாமப் போகலாம். முயற்சி பண்ணுவோம். வாக்குக் குடுக்க முடியாது."

திரும்பும் வழியில் டார்லீன் பிரோகியின் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"திட்டித் தொலையேன் டார்லீன்!"

"ரோட்டைப் பாரு, வென்டல்."

புதன்தோறும் ஊசி. இருபத்தாறு வருடத்தில் லீவு கேட்காதவள் வாராவாரம் லீவு கேட்டாள். பிரோகி வாந்தி எடுத்தால் துடைத்தாள், ரப்பர் கையுறை போட்டு மலத்தை அள்ளினாள், கோழிக்கறியை வேகவைத்து ஒவ்வொரு துண்டாக ஊட்டினாள். இரண்டாம் வாரம் என் கையைப் பிடித்து அவன் கழுத்தில் வைத்து, "இல்ல பாரு! ஒண்ணுமில்ல பாரு!" என்றாள். கடவுளே, எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

ஐந்தாம் வாரம் கட்டி வந்துவிட்டது. மருந்தை மாற்றினார்கள். அதற்கும் அசையவில்லை. அது தெரிந்த மறுநாள் காலை டார்லீன் பஸ்ஸை ஓரம்கட்டினாளாம். யாரும் கூச்சல் போடவில்லை, அவள் பின்னல் ஊசியையும் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாளாம். அந்த பஸ்ஸில் போகும் என் பேத்தி வந்து சொன்னாள். நான் கொட்டகைக்குள் போய் அந்தக் காபி டப்பாவைச் சுவரில் விட்டெறிந்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

பிரோகியை ஊசி போட்டு வேதனையில்லாமல் அனுப்பிவைக்க, சனிக்கிழமை மாட்டு டாக்டர் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. காலையில் வேலியோரம் டார்லீன் வந்து நின்றாள்.

"சீஸ் எடுத்துட்டு வா, வென்டல்."

"வேணாம் தாயே. என்னால ஆகாது."

"டாக்டர் வர்றதுக்கு முன்னாடி தூக்க மாத்திரை குடுக்கணுமாம். என் கையில மாத்திரையை வாங்க மாட்டேங்கிறான். உன் கையில வாங்குவான்."

போனேன். குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, மருந்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் தலையசைத்தாள். சுற்றும்போது சீஸ் இரண்டு தடவை கையிலிருந்து விழுந்தது.

பிரோகி என்னைப் பார்த்ததும் வாலைத் தரையில் ஒருமுறை அடித்தான். மெல்லாமல் விழுங்கிவிட்டு என் விரலை நக்கினான்.