சண்முகசுந்தரத்தின் அறுவை மெஷின்

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்த சண்முகசுந்தரத்தைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஃபேக்டரிக்காரர் என்றால்தான் தெரியும். ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் பல வருடம் குடியிருந்து, கடைசியில் இங்கே மனை வாங்கினார். யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும், குழாய் ஒழுகினாலும், இஸ்திரிப் பெட்டி ஷாக் அடித்தாலும் அவரிடம்தான் வந்தார்கள். அவரும் சாப்பாட்டுத் தட்டை விட்டுக்கூட எழுந்து போவார். போவதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது.

இரும்போடு நாள் முழுவதும் பழகிய மனிதருக்கு மரத்தின் மேல் ஆசை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மணை, ஸ்டூல், புத்தக அலமாரி என்று கைரம்பத்தால் அறுத்து எதையாவது செய்துகொண்டிருப்பார். எண்பத்தாறாம் வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் மரச்சாமான் கம்பெனி ஒன்றை மூடினார்கள். அங்கிருந்த மெஷின்களைப் பூந்தமல்லியில் ஒரு பழைய இரும்பு வியாபாரி எடுத்துப் போட்டிருந்தார். வேறெதற்கோ அங்கே போன சண்முகசுந்தரத்தின் கண்ணில் அந்த அறுவை மெஷின் பட்டது. வார்ப்பிரும்பு மேஜை. அதன் அடியில் நான்கு பக்கமும் மூடிய கனமான இரும்புப் பெட்டி. மேஜையின் நடுவே ஒரு பிளவு, அதன் வழியாகத் தலை நீட்டும் வட்ட ரம்பம். மேலே துரு பிடித்திருந்ததே தவிர உள்ளே பல்சக்கரங்கள் பழுதில்லை. கைச்சக்கரத்தைத் திருப்பியதும் ரம்பம் முனகாமல் மேலே ஏறியது. அதற்குமேல் அவரால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

மாட்டு வண்டியில் ஏற்றி வந்து, நான்கைந்து ஆட்கள் உருட்டுக் கட்டை போட்டுத் தள்ளி, வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் இறக்கினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் மனைவி பத்மா, இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, “பாரு, உனக்கு ஒரு பீரோ பண்றேன்” என்றார்.

அடுத்த சில வாரங்கள் அவருக்குத் திருவிழாதான். காங்கிரீட் மேடை போட்டு, போல்ட்டுகளைப் புதைத்து, ரசமட்டம் வைத்து மேஜையைச் சமன் செய்தார். மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்ததில் மேஜை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. ரம்பமும் மேஜையில் ஓடும் பள்ளமும் ஒரே நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை ரம்பத்தில் இறுகிக்கொண்டு ஆளின் மேலேயே திரும்பிப் பாயும். தெரிந்தவரிடமிருந்து நுண்ணிய பிசகை அளக்கும் டயல் கேஜ் கேட்டு வாங்கி வந்து, போல்ட்டுகளுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து, மயிரிழைப் பிசகும் போகும்வரை திருப்பிக்கொண்டே இருந்தார்.

ஒன்றுதான் இடித்தது. மெஷினோடு வந்த மோட்டார் மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுவது. வீட்டில் இருந்ததோ விளக்குக்கும் விசிறிக்குமான ஒற்றை ஃபேஸ். மூன்று ஃபேஸுக்கு எழுதிப் போட்டால் கம்பி இழுத்து வருவதற்குள் காலம் ஓடிவிடும். அதுவரை பொறுக்க அவர் மனம் ஒப்பவில்லை. ஒற்றை ஃபேஸில் ஓடும் பழைய மோட்டார் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். அந்தக் கனமான ரம்பத்தைச் சுழற்ற அது எவ்வளவு மின்சாரத்தை இழுக்கும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமில்லை.

முதல் நாள் ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் ஒரு கணம் உறுமி நின்று, பிறகு வேகம் எடுத்தது. வேங்கைப் பலகை ஒன்றைத் தள்ளினார். கோடு கிழித்தது போல இரண்டாகப் பிரிந்தது. அவர் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து பத்மா வந்து, பல்பு செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து போயிற்றே, என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, மெஷினை ஓடவிட்டபடியே அவர் ஏதோ வேலை இருப்பதுபோல வாசலுக்குப் போனார். இருட்டத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டில் டியூப்லைட் அணைந்து அணைந்து எரிய முயன்றுகொண்டிருந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒரு கிழவி ஃபேனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. மேலே பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், உள்ளே வந்துவிட்டார்.

ஸ்விட்ச் போடும்போது மட்டும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கனத்த மரத்தைத் தள்ளும்போதும் அப்படித்தான் ஆகிறது என்பதைப் பிறகு கண்டார். அதையும் மனதின் ஒரு மூலையில் தள்ளி வைத்தார். ஞாயிறு மாலை டீவியில் படம் போடும் நேரத்தில் மட்டும் மெஷினைத் தொடமாட்டார். அந்த அளவுக்கு மற்றவர்களை நினைத்துப் பார்ப்பதாக அவருக்கு ஒரு திருப்தி.

தெருக் குழாயடியில் லோ வோல்டேஜ் என்பது அன்றாடப் பேச்சாகிவிட்டது. அவரிடமே வந்து கேட்டார்கள். ஏரிப் பக்கம் புதுசு புதுசாக வீடு வருகிறது, டிரான்ஸ்பார்மர் தாங்கவில்லை என்று அவர் விளக்கினார். அதில் உண்மையும் கொஞ்சம் இருந்தது. இருந்ததால் சொல்வது சுலபமாக இருந்தது. மின்சார அலுவலகத்துக்குப் போய் முறையிடலாம் என்று தெருவில் நாலு பேர் கிளம்பியபோது, விவரமாகப் பேச ஃபேக்டரிக்காரர்தான் வரவேண்டும் என்று கூட்டிப்போனார்கள். அவர் போனார். அங்கே அதிகாரியின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, லோடு, ஃபேஸ் என்றெல்லாம் பேசினார். திரும்பி வரும்போது கூட வந்தவர்கள் அவரை மெச்சினார்கள். அவர் சைக்கிளை வேகமாக மிதித்து முன்னால் போய்விட்டார்.

பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம் பஞ்சவர்ணம் இருந்தாள். அவரைவிட வயதில் சற்று மூத்தவள். ஏரிப் பாசனத்தில் நாற்று நட்ட குடும்பம். வயல்கள் மனைகளான பிறகு கூலி வேலை இல்லாமல் போக, கிரைண்டர் ஒன்று வாங்கி இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கியிருந்தாள். கணவன் இல்லை. அந்தக் கிரைண்டர்தான் குடும்பம். சண்முகசுந்தரத்தைத் தம்பி என்பாள். பத்மாவிடம் ஒரு கிண்ணம் மாவு சுவர்மேல் நீட்டாத நாள் குறைவு.

எண்பத்தெட்டில் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பக்கத்துத் தெருவில் வளைகாப்பு, வருகிற அத்தனை பேருக்கும் மாவு. முந்தின நாள் உளுந்தைப் போட்டு ஓட விட்டிருந்தாள். அதே நேரம் சண்முகசுந்தரம் பீரோவுக்கான தடித்த தேக்குச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக மெஷினில் தள்ளிக்கொண்டிருந்தார். சுவருக்கு அப்பால் கிரைண்டர் சத்தம் வேகம் குறைந்து இழுத்துக்கொண்டு போனது அவர் காதில் விழுந்தது. விழாததுபோல அடுத்த சட்டத்தை எடுத்தார். இன்னும் இரண்டுதான் பாக்கி, முடித்துவிடலாம் என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் சத்தம் நின்றது. எரிந்த ரப்பர் வாடை சுவர் தாண்டி வந்தது.

பஞ்சவர்ணமும் அவள் நாத்தனாரும் ஆட்டுக்கல்லில் கையால் ஆட்டித் தீர்த்தார்கள். மாவு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சமையல்காரர் எல்லோர் முன்னாலும் அவளைப் பேசிவிட்டாராம். மறுநாள் அவள் உள்ளங்கையைக் காட்டியபோது தோல் உரிந்து சிவந்திருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை. கருகிப்போன கிரைண்டர் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய், புதிதாகக் காயில் சுற்ற வைத்து, கொண்டுவந்து தானே மாட்டிக்கொடுத்தார். அவள் எவ்வளவோ கேட்டும் காசு வாங்கவில்லை.

அதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக முடிந்தது. கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று பஞ்சவர்ணம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். காய்கறி வண்டிக்காரன்வரை அவரை நிறுத்திக் கும்பிட்டான். அவள் கொடுத்த மாவில் பத்மா வார்த்த தோசையை ஒரு விள்ளலோடு ஒதுக்கினார். வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டார். பத்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தேகம் எழுந்து வெகுநாள் ஆயிற்று. கேட்டால் எங்கே உண்மை வந்துவிடுமோ என்று கேட்காமல் இருந்தாள்.

தெருக்காரர்கள் முறையிட்டது வீண்போகவில்லை. ஒரு சனிக்கிழமை பிற்பகல் வேம்புலி என்ற லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏறிப் பார்த்தார், இணைப்புகளை இறுக்கினார், இறங்கிவந்தார். டிரான்ஸ்பார்மரில் ஒன்றும் குறையில்லை, இந்த வரிசையில் யாரோ பெரிய மோட்டார் ஓட்டுகிறார்கள், யார் என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்முகசுந்தரம் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார்.

பஞ்சவர்ணம்தான் பேசினாள். “எங்க தம்பி ஊட்ல ஒரு மரம் அறுக்கற மிஷினு கீது. ஆனா அதால ஒண்ணியும் ஆவாது. அவரு ஃபேக்டரில மிஷினோடவே கீறவரு. அவருக்குத் தெரியாதா இன்னா?”

வேம்புலி சிரித்துக்கொண்டே, எதற்கும் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள், பார்த்துவிடலாம் என்றார். பஞ்சவர்ணம் அதற்கும் குறுக்கே வந்து, நல்ல மனிதர் வீட்டில் போய்ச் சோதனை போடுவதா என்று வாதாடத் தொடங்கினாள். எல்லோரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். லைன்மேன்கூட, சரி விடுங்கள் என்று சாமானைப் பையில் போடத் தொடங்கிவிட்டார். வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் தனக்காக அவள் கை நீட்டி நீட்டிப் பேசியபோது, அந்த உள்ளங்கையில் தோல் இன்னும் புதிதாக மினுமினுத்தது.

“ஓட்ட வேணாம்,” என்றார் சண்முகசுந்தரம். “என் மெஷின்தான்.”

பஞ்சவர்ணம் திரும்பினாள். அவளுக்கு உடனே விளங்கவில்லை.

“இப்பதான் தெரிஞ்சுதா தம்பி?”

“இல்லக்கா. வாங்கி மாட்டுன அன்னைக்கே தெரியும்.”

“என் மோட்டாரு எரிஞ்சி பூட்டப்போ?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்றார். கிரைண்டர் இழுப்பது கேட்டதா என்று அவள் கேட்டாள். கேட்டது என்றார்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பார். அவள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மற்றவர்களும் மெல்லக் கலைந்தார்கள். சண்டை போட ஒருவரும் இல்லை. இத்தனை நாள் மரியாதை கொடுத்துவிட்டதில் அவர்களுக்கே ஏதோ கூச்சம்போல இருந்தது.

அன்றைக்கே மெஷினின் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். மூன்று ஃபேஸுக்கு முறையாக எழுதிப் போட்டார். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும்போது பஞ்சவர்ணம் வாசலில் நின்றிருந்தாள். அவர் தயங்கி, அக்கா என்றார். “போய்ட்டு வாங்க சார்,” என்றாள் அவள். கோபம் எதுவும் குரலில் இல்லை. மாவுக் கிண்ணம் சுவர் தாண்டி வருவதும் அதோடு நின்றது. பத்மா காசு கொடுத்து, எல்லோரையும்போல வரிசையில் நின்று வாங்கினாள்.

பத்மா கணவனைக் குத்திப் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், குழாயடியில் யாரும் தன்னிடம் எதுவும் கேட்பதில்லை, கேட்டுத் தொலைத்தால் தேவலை என்றாள். யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் இப்போது ஆவடி பஜாருக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் வந்து சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குப் பழக்கமில்லை. கொட்டகைக்குப் போவார். துரு ஏறாமல் மேஜைக்கு எண்ணெய் தடவுவார். அரைகுறையாக நின்ற பீரோவின் சட்டங்களைத் தொடாமல் திரும்பி வருவார்.

கம்பி இழுத்து மூன்று ஃபேஸ் வந்தபோது தொண்ணூறு ஆகிவிட்டது. பழைய மோட்டாரைக் கழற்றி, மெஷினோடு பிறந்த மோட்டாரை மாட்டினார். மறுபடி மேஜையை அளந்து சரி செய்தார். ஆனால் ஓட்டவில்லை. இனிமேல் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று புத்திக்குத் தெரிந்தது. ஸ்விட்ச் பக்கம் போன கைதான் திரும்பித் திரும்பி வந்தது. பீரோ வேண்டாம் என்று பத்மாவே சொல்லிவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு நாள் பகலில் பஞ்சவர்ணம் வெளிக்கதவைத் தட்டினாள். பின்னால் ஒரு தள்ளுவண்டியில் பலகைகள். ரோட்டோரம் மாவுக்கடை போடுகிறாளாம். அடுக்கு செய்யப் பலகை வாங்கியிருந்தாள், அகலம் அதிகம், கிழித்துத் தர வேண்டும். பலகை வாங்கிய மரவாடிக்குத் திருப்பி அனுப்பினால் வண்டிக்கூலி கட்டுப்படியாகாது. இதையெல்லாம் பத்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். சண்முகசுந்தரம் உள்ளிருந்து வந்து நின்றார்.

“சார் அறுத்துக் குடுப்பாரா?” என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். பலகைகளைக் கொட்டகைக்குள் எடுத்து வைத்தார். அவளும் பின்னாலேயே வந்தாள். அதுவரை அந்த மெஷினை அவள் கிட்டத்தில் பார்த்ததில்லை. மேஜையை, பெட்டியை, பிளவில் தெரிந்த ரம்பத்தின் பற்களை நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள்.

“இத்த போட்டா இப்போ எங்க ஊட்டு லைட்டு மங்காதா?”

“மங்காது. இது வேற லைன்.”

“நீங்க சொல்றீங்க.” அவள் சற்று யோசித்தாள். “நா ஊட்ல போயி லைட்டப் போட்டுக்கினு பாக்கறேன். நா சொன்னப்புறம் போடுங்க.”

அவள் போனாள். அவர் ஸ்விட்சுக்கு நேரே நின்றுகொண்டார். சுவருக்கு அப்பால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு கிரைண்டர் ஓடத் தொடங்கியது. விளக்கோடு அதையும் போட்டுவிட்டாள். “ம், போடுங்க,” என்ற குரல் வந்தது. ஸ்விட்சைத் தள்ளினார். மோட்டார் தயங்காமல் எழுந்தது. முதல் பலகையை ரம்பத்துக்குக் கொடுத்தார். அறுத்துக்கொண்டே அவர் கேட்டது சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தத்தைத்தான். அது இழுக்கவில்லை. பலகை இரண்டாகப் பிரிந்ததும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அவள் குரல், யாரிடமோ சாதாரணமாகச் சொல்வதுபோல வந்தது.

“சரி. மிச்சத்தயும் அறுங்க.”

அவர் அடுத்த பலகையை எடுத்தார்.