தேதிக்கு மட்டும் இடம் விட்டவர்

இன்று காலை மயிலாப்பூரில் என் பிரிண்டிங் கடைக்கு ஒரு மீன்காரம்மா பென்டிரைவோடு வந்தார். அவர் கணவர் குப்பத்துக்கே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் டைப் அடித்துக் கொடுத்தவர். போன வாரம் இறந்துவிட்டார்.

"அவருக்கும் அவரே அட்ச்சி வச்சிகீறாரு நைனா. ரெண்டு கடைல ஃபைல் கெட்டுப்போச்சு, புதுசா அடிக்கலாம்னாங்க. எனக்கு அவரு எழுதுனதுதான் வேணும்."

ஃபைலை லிப்ரே ஆபீஸ் மென்பொருளில் திறந்தேன். தமிழே இல்லை, முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. ஃபைல் கெடவில்லை, அவர் அடித்தது யூனிகோடுக்கு முந்தைய ஃபான்டில்; அந்த ஃபான்ட் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் தமிழ் இப்படித்தான் தெரியும். இடத்தை அடைக்கிறதென்று நானே என் கம்ப்யூட்டரிலிருந்து அழித்த ஃபான்ட் அது.

பரணில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்கில் அது இருந்தது. ஏற்றிவிட்டு, ஃபைலை மூடித் திறந்தேன். தமிழ் வந்தது.

"படி நைனா," என்றார். படித்தேன். அவர் கணவர் பெயர், துயருறும் மனைவி, மகள்கள், மருமகன் எல்லோரும் வரிசையாக இருந்தார்கள். இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

"எல்லா வேலையும் முட்ச்சிட்டு இத்த மட்டும் நம்ம தலைல கட்டிட்டாரு பாரு. நீயே போட்ரு."

போட்டேன்.

பழைய தமிழ் ஃபான்ட் வைத்திருப்பவர்கள் அழித்துவிடாமல் எனக்கு அனுப்புங்கள். இடத்தை அடைத்தால் அடைக்கட்டும்.