பரீதாவின் வலது கை

வெள்ளவத்தையில் என் டியூசன் வகுப்பில் நரம்புத்தொகுதி படிப்பித்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த மார்க்கர் விழுந்தது. எடுக்கப் பார்த்தேன். வலது கை சொல்வழி கேட்கவில்லை. பக்கவாதம் (மூளைக்கு இரத்தம் போவது தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் டொக்டர். கண்ணை மூடிக்கொண்டே மூளையின் படம் வரையக்கூடியவள் நான்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். நோயைப் பொறுத்துக்கொண்டேன், பரீதாவைத்தான் பொறுக்கமுடியவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவர். பிசியோதெரபி (இயன்மருத்துவப் பயிற்சி) அறையில் எனக்கு அடுத்த கதிரை; அவருக்கும் வலது கைதான். எனக்குப் பின்னால் நோயில் விழுந்தவர், எனக்கு முன்னால் எழும்பிக்கொண்டிருந்தார்.

பயிற்சிகளைக் கணவரைக் கொண்டு ஒரு கொப்பியில் இலக்கமிட்டு எழுதுவித்துப் பாடமாக்கினேன். இருபது வருடமாகப் பிள்ளைகளையும் அப்படித்தான் படிக்க வைத்தேன். பரீதாவிடம் ஒரு கொப்பிகூட இல்லை. மூன்றாம் மாதம், தன் கையாலேயே சோறு சாப்பிடுவதாகச் சொன்னார். எனக்கோ கணவர் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். வயிறு எரிந்தது.

"என்ன பயிற்சி செய்தனீங்கள்?"

"ஒண்டும் பாடமாக்கல்ல டீச்சர். ரொட்டிக்கு மாவக் குழைச்சுக் குழைச்சுப் பாத்தேன். தண்ணி கூடிச்சு, கையெல்லாம் ஒட்டிச்சு. பொறகு கைக்கே வெளங்கிச்சு."

ஏதோ நல்ல மருந்தை மறைக்கிறார் என்றே நினைத்தேன். அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, "கரண்டியை அங்கால வையுங்கோ" என்றேன்.

"சட்டையெல்லாம் ஊத்துவீர்," என்றார் கணவர்.

"ஊத்தினால் கழுவுவம்."

முதல் நாள் சோறு முழுக்க மடியில். கொப்பியில் எழுதியிருந்தபடி விரல்களை இறுக்கினேன், பருக்கைகள் பிதுங்கி ஓடின. தளர்த்திப் பார்த்தேன். பருப்பைக் கூடுதலாக விட்டுக் குழைத்துப் பார்த்தேன். ஆறிய சோற்றில் விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இளஞ்சூட்டில்தான் சோறு எங்கே இருக்கிறது என்று அவை கண்டுபிடித்தன. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு கவளம் வாய்க்கு வந்தது. அழுதேன்.

முன்பு இரண்டு வகுப்புகளுக்கு நடுவே பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழும்புவேன். இப்போது ஒரு கோப்பைச் சோற்றுக்கு முக்கால் மணித்தியாலம். ஒவ்வொரு விரலும் என்ன செய்கிறதென்று இப்போது தெரிகிறது.

போன கிழமை பரீதா கேட்டார்: "டீச்சர், சட்டைப் பொத்தான் எப்பிடிப் போட்டீங்க? எனக்கு இன்னும் ஏலா."

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் போட்டனான்," என்றேன்.

அவர் நம்பவில்லை. என் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக அவருடைய கையை நான் பார்த்த அதே பார்வை. உள்ளுக்குள் இனித்தது. அந்த ஐந்து பொத்தானுக்கும் அரை மணித்தியாலம் போனதை மட்டும் நான் சொல்லவில்லை.