வெள்ளைச்சாமி அனுப்பிய சீர்

மேலூருக்குக் கிழக்கே பூசாரிமேட்டுப்பட்டியில் சின்னக்கருப்பனைத் தெரியாத ஆள் கிடையாது. அவனுடைய பிடிவாதத்தைத் தெரியாத கல்லும் கிடையாது. இளவயதில் குவாரியில் கடப்பாரை பிடித்தபோது ஒரு பாறை அசைய மறுத்ததாம். இவன் அதற்கு எதிரே துண்டை விரித்து உட்கார்ந்து, "நீயா நானா பார்த்துருவோம்" என்று சோறு தண்ணி இல்லாமல் முறைத்துக்கொண்டே இருந்தானாம். மறுநாள் காலையில் பாறை தானாகவே விரிசல் விட்டு வழி கொடுத்ததாம். நம்பாதவர்கள் அந்தப் பாறையையே கேட்டுக்கொள்ளலாம். ஏதோ ஓர் ஊரில், பெரிய ஓட்டலுக்கு வாசற்படியாகக் கிடக்கிறது.

குவாரியை விட்ட பிறகு அவன் ஒரு சின்ன வேன் வாங்கினான். விடிவதற்குள் மல்லிகை மூட்டைகளை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குக் கொண்டுபோய் இறக்குவான். பூவோடு பூவாகப் பழகியும் ஆள் மட்டும் கல்லாகவே இருந்தான் என்பாள் அவன் பெண்டாட்டி அன்னக்கொடி.

அந்தக் கல்லுக்குள் ஈரமாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அவன் தங்கச்சி செல்லக்கிளி. ஆத்தாளும் அப்பனும் அடுத்தவர் வயலில் நாற்று நடப் போய்விட, வரப்பு வரப்பாக அவளை இடுப்பில் தூக்கித் திரிந்தவன் அவன். அவள் வளர்ந்து, தாயில்லாத ஒரு கன்றுக்குப் பால்புட்டியில் கஞ்சி ஊட்டி வளர்த்தாள். அதற்கு வெள்ளைச்சாமி என்று மனுசப் பேராகவே வைத்தாள். பிறகு பாண்டிராஜைக் கட்டிக்கொண்டு, புனேயில் அவன் நடத்தும் முறுக்குக் கடைக்குப் போய்விட்டாள். கன்று காளையாகி, வாடிவாசலில் பெயரெடுத்தது.

வினை வந்தது அங்கேதான். எட்டு வருசம் கழித்துச் செல்லக்கிளிக்குப் பிள்ளை பிறந்தது. பிறந்த நாளோ தை மாதத்து ஜல்லிக்கட்டு நாள். சின்னக்கருப்பன் சட்டையையும் போனையும் வீட்டில் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டோடு போயிருந்தான். பொழுது சாய வந்து பார்த்தால் புனேயிலிருந்து வரிசையாக அழைப்புகள். உடனே கூப்பிட்டான். கூப்பிட்டவன் என்ன ஏது என்று கேட்க வேண்டாமா? எடுத்த எடுப்பில், "தாயி, நம்ம வெள்ளைச்சாமிய ஒரு பய தொடலை!" என்று கத்தினான்.

அந்தப் பக்கம் செல்லக்கிளி பொரிந்து தள்ளினாள்.

"எட்டு வருசம் ஏங்கிப் பெத்துக் கிடக்கேன். உனக்கு மாடு பெருசாப் போச்சா? இனிமே உன் பேரப் போட்டு எது வந்தாலும் வாசலோட திருப்பி விட்ருவேன், பாத்துக்க."

பிடிவாதம் குடும்பச் சொத்து. சொன்னபடியே செய்தாள், போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். புது நம்பர் ஊரில் பாதிப்பேரிடம் இருந்தது. சின்னக்கருப்பனுக்குத்தான் கேட்க வாய் வரவில்லை.

கார்த்திகை பிறந்ததும் ஒரு சேதி வந்தது. பிள்ளை தமிழ்வாணிக்குக் காதுகுத்து. குலசாமி கோயிலில் இல்லையாம், புனேயிலேயாம். பாண்டிராஜின் கடையில் முறுக்குப் பிழியும் மாஸ்டர் மடியில் உட்காரவைத்துக் குத்தப் போகிறார்களாம்.

சின்னக்கருப்பன் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். "தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கேன். முறுக்கு மாஸ்டர் மடியிலயா?"

"கையக் கழுவுங்க மொதல்ல," என்றாள் அன்னக்கொடி. "தங்கச்சிக்குச் சீரை அனுப்புங்க. வாங்கிக்கிட்டான்னா உங்க மடி. திருப்பி விட்டான்னா மாஸ்டர் மடி."

அன்றே மதுரைக்குப் போய்ப் பட்டுப்பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், வெள்ளிக் கொலுசு எல்லாம் வாங்கினான். வெள்ளைச்சாமிக்குப் பருத்திக்கொட்டை வந்த சாக்கை வெட்டி, உள்ளே வைத்துக் கோணி ஊசியால் தைத்தான். வீட்டிலேயே அதுதான் உறுதியான பை. மேலே கரியால் பெரிதாக எழுதினான்: 'செல்லக்கிளி, முறுக்குக் கடை, புனே.' ஊரில் இது போதும். 'புளியமரத்து வீட்டுக் கருப்பன்' என்று எழுதினால் தஞ்சாவூரிலிருந்து கூடக் கடுதாசி வந்து சேரும்.

அஞ்சலகத்தில் பார்சல் வாங்கும் இடத்தில் இருந்தவர் ஆனிமேரி. முகவரி விசயத்தில் அவரிடம் யார் பருப்பும் வேகாது. எதிர்சேவை முடித்து ஆற்றில் இறங்கப் போகும் அழகரே ஒரு பெட்டியை நீட்டினாலும், "பின்கோடு எங்க சாமி?" என்று கேட்டுக் குதிரையைத் திருப்பி விட்டுவிடுவார் என்று ஊரில் பேச்சு.

அவர் சாக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அண்ணே, இது எங்க போகணும்?"

"புனேக்கு மேடம். கொட்ட எழுத்துல போட்டிருக்கேனே."

"அதவிடக் கொட்ட எழுத்துல தீவனக் கம்பெனி அட்ரஸ் அச்சடிச்சிருக்கு. இப்பிடியே விட்டா உங்க பார்சல் நேராப் பருத்திக்கொட்டை மில்லுக்குப் போய் நிக்கும். உள்ள என்ன?"

"சீரு."

"சீருன்னு நான் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாதுண்ணே. துணியா, பாத்திரமா?"

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு முழம் மல்லியும் இருக்கு," என்றான்.

"புனே போறதுக்குள்ள அது ஊறுகாயாயிரும். பட்டுப்பாவாடையும் பாழாயிரும்."

எதிர்க் கடையில் ஓர் அட்டைப்பெட்டி வாங்கி வந்தான். பூவை எடுத்து ஆனிமேரியின் மேசை மேலேயே வைத்துவிட்டு மற்றதை மாற்றிக் கட்டினான். வெள்ளைத்தாளை ஒட்டி, தங்கச்சி முன்பு புனேயில் வீடு குடிபோனபோது அனுப்பிய பத்திரிகையை வேனிலிருந்து எடுத்துவந்து, அதைப் பார்த்துக் கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் அழியாத மையில் எழுதினான். 'கண்ணாடி, உடையும்' என்று பக்கத்தில் எழுதச் சொன்னார், எழுதினான்.

"வாங்குறவங்க போன் நம்பர்?"

அவன் பேனாவை மூடி மேசை மேல் வைத்தான்.

"யாருக்கு அனுப்புறீங்க?"

"தங்கச்சிக்கு."

"தங்கச்சி நம்பர் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து ஆனிமேரி குரலை மாற்றிக்கொண்டார். "சரி விடுங்க. கதவு நம்பர் இருக்கு, போயிரும். இடது பக்கம் அனுப்புறவங்க பேரு, அட்ரஸ், நம்பர் எழுதுங்க. இது கட்டாயம்."

"அது வேணாம் மேடம்."

"அது இல்லாம வாங்க மாட்டேன். அங்க வாங்கலைன்னா நான் யாருகிட்டத் திருப்பிக் குடுக்குறது?"

"பேரப் போட்டாத்தான் மேடம் வாங்கவே மாட்டா!"

பின்னால் வரிசை முனகியது. சின்னக்கருப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் படியில் வந்து உட்கார்ந்தான். பேரைப் போட்டால் தங்கச்சி திருப்பிவிடுவாள். போடாவிட்டால் இந்தம்மா திருப்பிவிடும். அன்னக்கொடி பேரைப் போட்டாலும் ஒன்றுதான். புருசன் பெண்டாட்டியைப் பிரித்துப் பார்க்கிறவள் இல்லை செல்லக்கிளி. குவாரிப் பாறையை முறைத்ததுபோல அந்த இடப்பக்கத்து வெள்ளைத்தாளை முறைத்துக்கொண்டிருந்தான். தாள் விரிசல் விடவில்லை. ஆனால் அவனுக்குள் ஒன்று விட்டது. குற்றம் யாரால் வந்தது? மாட்டால். அப்படியானால் அந்த மாடே சீர் கொடுத்துச் சமாதானம் பண்ணட்டுமே.

எழுதிக்கொண்டு திரும்ப உள்ளே போனான். ஆனிமேரி படித்தார். "வெள்ளைச்சாமி. இது யாரு?"

"எங்க வீட்டுப் பயதான்."

"என்ன வேலை பாக்குறாரு?"

"வருசத்துக்கு ஒருநாள் ஓடுவான் மேடம். மத்த நாளு திம்பான்."

ஆனிமேரி கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார். "ஆதார் இருக்கா அவருக்கு?"

"அதே மாதிரி பன்னெண்டு நம்பர் இருக்கு. மஞ்சளா, காதுலயே மாட்டி விட்டிருக்காங்க."

கம்மாய்க்கரை முழுக்கக் காதில் அரசாங்க எண் போட்ட மஞ்சள் வில்லையோடு மேயும் மாடுகளைப் பார்க்காதவரா ஆனிமேரி? உதட்டைக் கடித்துக்கொண்டார். "திரும்பி வந்தா வாங்கிக்க அந்த அட்ரஸ்ல ஆளு இருக்குல்ல?"

"நான் இருக்கேன்."

"நம்பர் யாரோடது?"

"என்னோடது."

முத்திரை விழுந்தது. வெளியே போனவனைப் பார்த்துக்கொண்டே ஆனிமேரி மல்லிகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சின்னக்கருப்பன் பூ மூட்டையை இறக்கும்போதும் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டுதான் இறக்கினான். ஒருநாள் மெசேஜ் வந்தது. பார்சல் உரியவரிடம் சேர்ந்துவிட்டது. திருப்பிவிடவில்லை! மாட்டுத்தாவணியில் அன்றைக்கு எதிரே வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான்.

ஆனால் புனேயிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. கார்த்திகை போய் மார்கழியும் பாதி போயிற்று. "வாங்கிக்கிட்டா, சரி. என்னையக் கூப்பிடலையே," என்று தொழுவத்தில் வெள்ளைச்சாமியிடம் சொன்னான். வெள்ளைச்சாமி வைக்கோலை மென்றது.

பொங்கலுக்கு முந்தின வாரம் தபால்காரர் இன்னாசிமுத்து வாசலில் வண்டியை நிறுத்தினார். "இங்க வெள்ளைச்சாமிங்கிறது யாருப்பா? பார்சல் வந்திருக்கு, கையெழுத்துப் போடணும்."

அன்னக்கொடி தொழுவத்தைக் காட்டினாள். "அந்தா நிக்கிறாரு பாருங்க. கிட்டப் போயிக் கேளுங்க."

இன்னாசிமுத்து எட்டிப் பார்த்தார். கொம்பைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் வந்தார். "ஏத்தா, என் சர்வீஸ்ல இம்புட்டுப் பெரிய மனுசருக்குத் தபால் குடுத்ததில்ல. கைநாட்டு வாங்கவா, குளம்புநாட்டு வாங்கவா?"

"நான் போடுறேண்ணே," என்று சின்னக்கருப்பன் ஓடிவந்தான். போட்ட கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருந்தது.

பெட்டிக்குள் மேலாக ஒரு சலங்கைப் பட்டை. சிவப்புத் துணியில் பித்தளை மணி கோத்தது, காளையின் கழுத்துக்கு. அதற்குக் கீழே மடிப்புக் கலையாத பட்டுக்கரை வேட்டியும் துண்டும்.

அன்னக்கொடி வேட்டியைத் தூக்கிப் பிடித்தாள். "சலங்கை சரி. உங்க மாடு வேட்டி கட்டுமா?"

காதுகுத்தில் பிள்ளையை மடியில் வைக்கிற தாய்மாமன்தான் புதுக்கோடி வேட்டி கட்டுவான். அதை அவளும் அறிவாள், அவனும் அறிவான். அவன் பெட்டியைத் திருப்பினான். வலது பக்கம், பெறுநர் வெள்ளைச்சாமி. இடது பக்கம், அனுப்புநர் பா. தமிழ்வாணி. இன்னும் ஒரு வயசுகூட ஆகாத பிள்ளை அனுப்பியிருக்கிறது. அதற்குக் கீழே கதவு எண், தெரு, பின்கோடு. அதற்கும் கீழே பத்து எண்கள்.

யாரிடமும் கேட்க வாய் வராத நம்பர். புனேயிலும் ஓர் ஆனிமேரி உட்கார்ந்து, 'இது கட்டாயம்' என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்காமலே எழுதியிருப்பாள். எது என்று செல்லக்கிளி இன்றுவரை சொல்லவில்லை.

அழுத்தினான். மணி இரண்டு தரம்கூட அடிக்கவில்லை.

"யாரு?"

"வெள்ளைச்சாமி... வீட்டுல இருந்து பேசுறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு வீம்பான குரல். "அவன்கிட்டக் குடு போனை."

சின்னக்கருப்பன் தொழுவத்துக்குப் போய் மஞ்சள் வில்லை தொங்கிய காதோரம் போனை வைத்தான். செல்லக்கிளி சொன்னது தெரு வரைக்கும் கேட்டது.

"டேய் வெள்ளைச்சாமி, நல்லாக் கேட்டுக்க. தையில நாங்க ஊருக்கு வாரோம். நம்ம சாமி கோயில்லயே குத்துறோம். அன்னைக்கு ஜல்லிக்கட்டு, மண்ணாங்கட்டின்னு யாராச்சும் சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் போனாங்க, அப்புறம் இருக்கு. வேட்டி நீளம் பத்துதான்னு உங்க அப்பனக் கட்டிப் பாக்கச் சொல்லு."

வெள்ளைச்சாமி 'ம்ம்' என்று ஒரு மூச்சு விட்டது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பட்டப்பகலில், சாணி வாசத்துக்கு நடுவே, கைலிக்கு மேலேயே சின்னக்கருப்பன் அந்த வேட்டியைக் கட்டிப் பார்த்தான். "பத்துது தாயி," என்றான், "கணுக்கால் வரைக்கும் வருது." கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடிக் குனிந்தவன், அதன் பாதிக் கரை ஏற்கெனவே வெள்ளைச்சாமியின் வாய்க்குள் போயிருந்ததைக் கண்டான். அதை மட்டும் அவன் தங்கச்சியிடம் சொல்லவில்லை.