உம்மாவுக்கு வந்த றெஜிஸ்டர் துண்டு

ஒன்பது வயது முடியும்வரைக்கும் பெயரளவில் நான் ஆம்பிளையாக இருந்தேன். எனக்கு வைத்த பெயர் நஸ்மியா. பிறப்பைப் பதிந்தவர் என்ன அவசரத்தில் இருந்தாரோ, கடைசி எழுத்தை விட்டுவிட்டார். நஸ்மி என்றால் எங்கள் பக்கத்தில் பொடியன்மாருக்கு வைக்கிற பெயர். பாடசாலையில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் இடாப்பு எழுதினார்கள். முதலாம் வகுப்பில் முதல் நாளே ஆண்பிள்ளைகளின் பட்டியலில் என்னைக் கூப்பிட்டார்கள், நானும் வெட்கமில்லாமல் எழும்பி நின்றேன். அன்றைக்குத் தொடங்கிய 'நஸ்மி காக்கா' என்கிற பட்டம் நாலாம் வகுப்பு வரைக்கும் கூடவே வந்தது. கல்முனையில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பெரிய பொடியன்களெல்லாம் என்னைக் காக்கா என்று கூப்பிட்டு மரியாதை செய்தார்கள்.

வாப்பா கட்டாருக்குப் போகமுதல் இதற்கு ஒரு முடிவு கட்டுவேன் என்று நின்றார். பயணத்துக்கு முந்தின ஒரு மாதமும் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கினார். போகிறதற்கு முதல் நாள் நாலைந்து படிவங்களைக் கொண்டுவந்து உம்மாவின் முன்னால் பரப்பி, இதில் வை, இதில் வை என்று விரலால் காட்டக் காட்ட, உம்மா கையெழுத்து வைத்தா. எதையும் வாசிக்கவில்லை. அவவுக்கு அன்றைக்கு வேறு கவலை, சூட்கேசுக்குள் கருவாட்டை எப்படி மணக்காமல் கட்டுவது என்று. வாப்பா என் தலையைத் தடவி, உன்னுடைய எழுத்து வந்து சேரும் மகள் என்றார். பிறகு பறந்துவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. எழுத்து வரவில்லை, நாங்களும் அதை மறந்துபோனோம்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்த கையோடு வாப்பா கோல் எடுப்பார். ஒரு வெள்ளிக்கிழமை எடுக்கவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. மூன்றாம் வெள்ளி உம்மாவே எடுத்தா. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவ, சூடு பட்டதுபோல போனைக் கட்டிலில் போட்டா. வாப்பாவுடைய போனில் ஒரு பொம்புளை கதைத்தாளாம், அதுவும் அறபில்.

வீட்டிலிருந்த எல்லோரும் வரிசையாகக் காதில் வைத்துக் கேட்டோம். சாச்சி, அதுதான் உம்மாவின் தங்கச்சி, அது கம்பனிக்காரன் வைத்த மெசின் குரல் என்றா. உம்மாவின் மூத்த சகோதரரான மாமா அதை ஒப்புக்கொள்ளவில்லை. நம்முடைய மெசின் மூன்று பாசையில் கதைக்கும், இவள் ஒரே பாசையில்தான் கதைக்கிறாள் என்று சட்டம் சொன்னார். மாமா ஒரு வயல் வரம்புத் தகராறுக்காக மூன்று வருடம் வழக்குப் பேசக் கோட்டுக்குப் போய்வந்தவர், ஆகவே எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் சட்டத்தரணி. நானும் கேட்டேன். குர்ஆன் ஓதுகிற பள்ளியில் எனக்குத் தெரிந்த ஒரு சொல்லும் அதில் வரவில்லை. ஆனால் குரல் இனிமையாக இருந்தது, அதை நான் வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். உம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் துண்டு வந்தது. சாச்சிக்குக் கண் காட்டுவதற்கு எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய பகல், கேற்றுக்குக் கீழே கிடந்தது. மூன்று மொழியிலும் அச்சடித்த சின்னத் தாள். உம்மாவுடைய முழுப் பெயர், ஒரு இலக்கம், ஒரு கிறுக்கல். உங்கள் பெயருக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்துள்ளது, அடையாள அட்டையுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும், குறித்த நாளுக்குள் வராவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பப்படும் என்று நான்தான் உரத்து வாசித்தேன். யார் அனுப்பியது என்று எழுத ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோடு மட்டும்தான் இருந்தது.

எங்கள் ஒழுங்கையில் றெஜிஸ்டர் என்றால் ஆட்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அப்போது. முந்தின நோன்பு மாதம் மூன்றாம் வீட்டு ராத்தாவுக்கு, அக்காவை நாங்கள் ராத்தா என்போம், இப்படித்தான் ஒன்று வந்தது. எங்கள் ஆட்களின் கலியாண வழக்குகளைப் பார்க்கிற காதி கோட்டிலிருந்து. வெளிநாட்டில் இருந்த மாப்பிள்ளை தலாக் சொல்லப் போகிறார், விசாரணைக்கு வாருங்கள் என்று. பாவம், அவ என்ன ஏதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே தபால்காரரின் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தவ. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் ஒழுங்கை முழுக்க அதிகம் கதைத்தது.

தலாக் என்றால் என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்கிறதைப் பார்த்து, தொற்றுகிற வியாதி ஒன்றின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பொம்புளைக்குத்தான் எழுதுவார்கள், மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். ஆகவே அந்த வியாதி வந்தால் எங்கள் வீடு எங்கேயும் போகாது, வாப்பாதான் போவார். அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அவருடைய இரண்டு சேட்டையும் சாரனையும் உம்மா அந்த நாட்களில் அடிக்கடி பார்த்துக்கொண்டு நின்றா. ஒருநாள் எடுத்துத் துவைத்தா. யாரும் உடுக்காத சேட்டை எதற்குத் துவைக்கிறீர்கள் என்று கேட்டேன், இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் போட்டா.

மாமா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். எடுக்கக்கூடாது. கையெழுத்து வைத்தால்தான் ஏற்றுக்கொண்டது ஆகும். கையெழுத்து இல்லையென்றால் தாள் போன வழியே திரும்பிப் போகும், தலாக்கும் தாளோடு போகும்.

"நீ கையெழுத்து வெக்காம அவனால ஒண்டும் செய்யேலா, தங்கச்சி. சட்டம் அப்படித்தான்."

எங்கள் வீட்டில் சட்டத்துக்கு மறுபேச்சு இல்லை. துண்டு அரிசி வாளிக்குள் போனது.

இரண்டு நாளால் தபால்காரர் திரும்ப வந்தார். காரைதீவு ஆள், வயதானவர், சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்து ஒரு தரம் இருமுவார். மணி கேட்டதும் மாமா கையைக் காட்டினார். அவ்வளவுதான், மூன்று பெரிய ஆட்களும் தரையோடு தரையாகக் குந்திவிட்டார்கள். மாமா யன்னலுக்குக் கீழே, சாச்சி அலுமாரிக்குப் பின்னால், உம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு கதவடியில். அடுப்பில் பருப்பு கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் காரைதீவு வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு கடிதத்துக்குப் பயந்து மாமா ஒளிந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நெல் மூட்டையைத் தனியாகத் தூக்குகிற மனிசன் அவர். அப்படியென்றால் அந்தக் கடிதம் எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டேன். தபால்காரர் இருமினார். கேற்றுக்குள்ளால் இன்னொரு துண்டு விழுந்தது. அதில் பேனையால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: கடைசி நாள் வியாழன்.

புதன் பின்னேரம் உம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. மாமா வந்து, இன்னும் ஒரு நாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றார். உம்மா திருவலையை நிறுத்தாமல் கேட்டா:

"திரும்பிப் போனா, எழுதினது இல்லாமப் போயிருமா, காக்கா?"

போயிரும் என்றார் மாமா. உம்மா தேங்காய்ச் சிரட்டை வெள்ளையெல்லாம் முடிந்து கறுப்பு விழும்வரைக்கும் திருவினா. அன்றைக்குச் சொதி கறுத்துப்போய் இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

வியாழன் காலை மாமா வயலுக்குப் போன பிறகு, உம்மா குளித்து, கறுப்பு அபாயா உடுத்து, அடையாள அட்டையையும் இரண்டு துண்டையும் கைப்பைக்குள் வைத்தா. என்னை வா என்றா. பாடசாலை இருக்கிறதே என்றேன், இன்றைக்கு இல்லை என்றா. சாச்சி வாசலில் நின்று, ராத்தா, காக்காவுக்கு நான் என்ன சொல்லுகிறது என்று கேட்டா. நான் போயிட்டேன் என்று சொல்லு என்றா உம்மா. திறீவீலர் வேண்டாம் என்று கடற்கரை வீதியால் நடந்தே போனோம். வழியில் தெரிந்தவர்கள் மூன்று பேர் எங்கே என்று கேட்டார்கள். மூன்று பேரிடமும் உம்மா தபால் கந்தோருக்கு என்று உண்மையையே சொன்னா.

தபால் கந்தோருக்குள் நான் போனது அதுதான் முதல் தரம். அல்லாஹ்வே, அந்த இடம்! கோந்தும் மையும் சாக்கும் கலந்த ஒரு மணம். சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் யாருடையதோ கடிதம். ஒருவர் முத்திரையை மைக்கட்டையில் ஒரு குத்து, கடிதத்தில் ஒரு குத்து என்று நிறுத்தாமல் குத்திக்கொண்டே இருந்தார், பார்க்கவும் இல்லை, ஒன்றும் பிழைக்கவும் இல்லை. உலகத்திலுள்ள எல்லோருடைய பெயரும் விலாசமும் இந்த ஆட்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். என்னுடைய பெயர் பிழையென்றும் இவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்று உம்மாவின் அபாயாவுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தா. துண்டுகளையும் அடையாள அட்டையையும் வாங்கி, முகத்தையும் படத்தையும் பார்த்து, உள்ளே போய் ஒரு நீளமான காக்கிக் கவரோடு வந்தா. கவர் மேசையில் குப்புறக் கிடந்தது. ஒரு பெரிய புத்தகத்தைத் திருப்பி, விரலை ஒரு கோட்டில் வைத்து, இதில் வையுங்கள் என்றா. வாப்பா காட்டிய மாதிரியேதான் அவவும் விரலால் காட்டினா. உம்மா பேனையை எடுத்தா. வைக்கவில்லை.

"இத நான் எடுக்காட்டி என்ன நடக்கும்?"

கண்ணாடி அம்மா தலையை நிமிர்த்தினா. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவவுக்கு இந்தக் கேள்வி புதிதில்லைபோல, குரலைக் கொஞ்சம் இறக்கித்தான் சொன்னா:

"திரும்பிப் போகும் தங்கச்சி. ஆனா எடுத்தாலும் எடுக்காட்டியும், உள்ள எழுதினது எழுதினதுதான்."

உம்மா பிஸ்மில்லாஹ் என்று வாய்க்குள் சொன்னா. அந்தக் கோட்டுக்கு மேலே இருந்ததையெல்லாம் இலக்கத்திலிருந்து திகதி வரைக்கும் ஒவ்வொன்றாக வாசித்தா, பிறகுதான் பேனையை வைத்தா. மற்ற ஆட்களுடைய கையெழுத்தெல்லாம் அந்தப் பக்கத்தில் நண்டு ஓடினதுபோலக் கிடந்தன. உம்மா தன் பெயரை முழுவதுமாக, தன் வாப்பாவின் பெயரோடு சேர்த்து, ஒரு எழுத்துக் குறையாமல் எழுதினா. சின்னதாக வைத்தால் போதும் என்று கண்ணாடி அம்மா சொன்னதற்கும் நிற்கவில்லை. கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி போகவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். உம்மாவின் எழுத்து இவ்வளவு வடிவு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

வெளியே விறாந்தையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து கவரைத் திறந்தா. மெல்லக் கிழித்தா, உள்ளே இருந்து ஒரே ஒரு தாளை உருவினா. முத்திரை குத்திய பெரிய தாள், கோடு போட்ட கட்டங்கள். நான்தான் முதலில் கண்டேன், என்னுடைய பிறப்புச் சான்றிதழ். இரண்டாவது கட்டத்தில், புது மையில், நஸ்மியா. யா! என்னுடைய யா! வாப்பா சொன்ன எழுத்து வந்து சேர்ந்துவிட்டது. நான் விறாந்தையில் துள்ளினேன், சைக்கிள் நிறுத்திக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். இனி எந்தப் பொடியன் என்னைக் காக்கா என்று கூப்பிடுகிறான் பார்ப்போம் என்று அந்த முன்பின் தெரியாத ஆளிடமே சொன்னேன்.

உம்மா என் பெயரைப் பார்க்கவே இல்லை. அவவுடைய விரல் வாப்பாவின் பெயரைத் தாண்டி, தன் பெயரைத் தாண்டி, கீழே ஒரு கட்டத்தில் போய் நின்றிருந்தது.

"இத வாசி, மகள்."

வாசித்தேன். பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா? ஆம்.

"இன்னொருக்கா வாசி."

இன்னொரு தரம் வாசித்தேன். மூன்றாம் தரமும் கேட்டா. விவாகஞ் என்பது கடினமான சொல், நாலாம் வகுப்பில் அதை ஒருவரும் சரியாக வாசிக்கமாட்டார்கள், என் வாசிப்பைக் கேட்டுத்தான் உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலாம் தரம் கேட்காமலேயே வாசித்துக் காட்டினேன், இன்னும் சத்தமாக. உம்மா என்னை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டா. பிறகு கடைத்தெருவில் எனக்கு ஐஸ் பழம் வாங்கித் தந்தா, தனக்கும் ஒன்று வாங்கி, பெரிய மனிசி என்கிற நினைப்பே இல்லாமல் வழியெல்லாம் சூப்பிக்கொண்டு வந்தா.

மாமா பின்னேரம் வந்து தாளைப் பார்த்தார். அரசாங்கத் தாள் என்று நான் அப்போதே நினைத்தேன் என்றார். சாச்சி சிரித்த சிரிப்பில் அவர் தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

வாப்பாவின் கோல் இரண்டு கிழமைக்குப் பிறகு வந்தது. வேலைக்காக அவரைப் பாலைவனத்துக்குள் எங்கேயோ கொண்டுபோய் விட்டிருந்தார்களாம், அங்கே போன் வேலை செய்யாதாம். உம்மா அறபுக்காரியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. தலாக் பற்றியும் இல்லை, ஒளிந்திருந்தது பற்றியும் இல்லை. ஆணியில் தொங்கிய சேட்டின் கையை நீவிக்கொண்டே கதைத்தா. றெஜிஸ்டர் ஒன்று வந்தது, புள்ளையின் பெயர் சரியாகிவிட்டது, நானே தபால் கந்தோருக்குப் போய் எடுத்தேன் என்றா. தனியாகவா போனாய், கஷ்டமாக இருந்ததா என்று வாப்பா கேட்டது எனக்கும் கேட்டது.

"என்ன கஷ்டம்," என்றா உம்மா. "ஒரு கையெழுத்துத்தானே."

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.