உபதலைவருக்கு ஆள் பார்த்தார்கள்

ரொறன்ரோ மல்வேர்னில் தவமணியைத் தெரியாத தமிழ்ச் சனம் இல்லை. தெரியாதென்று யாராவது சொன்னால், அவர் இன்னும் பென்சனுக்கு விண்ணப்பிக்கவில்லை என்றுதான் அர்த்தம். தவமணிக்கு அறுபத்துமூன்று வயது. ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் இருபத்திரண்டு வருசமாக வேலை. விடிய ஐந்தரைக்கு பஸ், பின்னேரம் மூன்றரைக்கு வீடு. அதற்குப் பிறகுதான் சம்பளமில்லாத இரண்டாவது வேலை தொடங்கும். யாருக்கோ அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கும், யாருக்கோ கண் டொக்டரிடம் போகத் துணை வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்புத்தான். ஆனாலும் எந்த ஃபோமில் எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போடவேண்டும் என்று கேட்டால், அடுப்பில் கறியைக் கிண்டிக்கொண்டே சொல்லுவாள்.

கொன்றை மூத்தோர் மன்றத்துக்கு அவள் பதினாலு வருசம் உழைத்தாள். ஆட்களைச் சேர்த்தவள் அவள், கதிரை அடுக்கினவள் அவள், பொங்கலுக்கும் ஒளிவிழாவுக்கும் நின்று வடை சுட்டவளும் அவள்தான். மேடையில் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. நன்றியுரை வாசிக்கிற கனவான்கள் கடைசியில், "சமையலறையில் உதவிய சகோதரிகளுக்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்குவார்கள். அந்தச் சகோதரிகள் எல்லாரும் தவமணி ஒருத்திதான் என்பது மண்டபத்தில் இருந்த அவ்வளவு பேருக்கும் தெரியும்.

மன்றத்தின் சட்டதிட்டமான யாப்பில் ஒரு விதி உண்டு. தலைவருக்கு நிற்கிறவர் உபதலைவரையும் தன்னோடு சேர்த்தே பெயர் கொடுக்கவேண்டும். வென்றால் இரண்டு பேரும் வெல்வார்கள், தோற்றால் இரண்டு பேரும் தோற்பார்கள். பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருக்கிற நவரட்ணம் போனமுறை இன்னொரு மார்க்கத்து ஆளைச் சேர்த்துக்கொண்டு நின்று, முப்பத்தேழு வாக்கால் தோற்றார். ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எஞ்சினியராக இருந்த மனிதர். தோல்வியைக் கணக்குப் பார்த்ததில், மல்வேர்ன் தன்னைக் கவிழ்த்துவிட்டது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. இந்தமுறை உபதலைவருக்கு மல்வேர்னில் ஆள் பார்ப்பது என்று முடிவெடுத்தார்.

ஆள் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நவரட்ணத்தோடு பிரசாந்தும் வந்தான். அவன் வீடு விற்கிற ஏஜென்ற். அவனுடைய தாயும் மன்ற உறுப்பினர். அவனுக்கோ மன்றம் முழுவதும் வருங்கால வாடிக்கையாளர்கள். தேர்தல் வேலையெல்லாம் அவன் தலையில்தான்.

"தவமணியக்கா, நேரை விசயத்துக்கு வாறன்," என்றான். "அண்ணை இந்தமுறையும் தலைவருக்கு நிக்கிறார். உபதலைவருக்கு உங்களை யோசிக்கிறம். மல்வேர்னிலை உங்கடை சொல்லுக்கு எத்தினை பேர் வருவினம்?"

தவமணி இதைக் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. காட்டிக்கொள்ளவில்லை. "சொல்லுக்கெண்டு ஒருத்தரும் வராயினம், தம்பி. பஸ் பிடிச்சு ஏத்திக்கொண்டு வந்தா நூற்றுப்பத்துப் பேர் வருவினம்."

நவரட்ணம் வாய்விட்டுச் சிரித்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்து இன்னொரு கப்பும் கேட்டு வாங்கினார். வடையில் நாலாவதை எடுத்தார். அதன் பிறகு கேள்விகள் தொடங்கின. பிறசர், சீனி வருத்தம் ஏதும் உண்டா? வேலையில் லீவு எடுக்க முடியுமா? ஆரோடையாவது கோள்வழக்கு, கோபதாபம் இருக்கா? போட்டோவுக்குச் சாறி கட்டி வருவீங்களோ? தவமணி ஒவ்வொன்றுக்கும் வேலைக்கு நேர்முகம் போன பெட்டை மாதிரி நிமிர்ந்திருந்து பதில் சொன்னாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

வாசலில் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டுதான் நவரட்ணம் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, நீங்கள் ஊரிலை எவடம்?"

"புன்னையடி, அண்ணை."

"புன்னையடி எண்டா... கோயிலடியோ, ஸ்ரேசனடியோ?"

"அங்காலை. குளத்தடி."

"ஓ, குளத்தடி," என்றார். மற்றக் காலையும் சப்பாத்துக்குள் விட்டார்.

வெளியாள் ஒருவர் கேட்டால், மனிதர் ஏதோ வழி விசாரிக்கிறார் என்று நினைப்பார். என்ன வழி! சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியைக் கேட்க எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த கேள்வி அது. ஊரைச் சொன்னால் போதாது. ஊருக்குள் எவடம் என்று சொல்லவேண்டும், அங்கே எந்தக் கிணறு, ஆருடைய வளவுக்குப் பக்கம் என்றெல்லாம் சொல்லவேண்டும். கடல் கடந்து, பனிக்குள் விழுந்தெழும்பி, பிள்ளைகளுக்குத் தமிழே பாதி மறந்துபோனாலும் இந்தக் கேள்வியை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை.

தவமணிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் மனம் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் ஆர் உதெல்லாம் பார்க்கினம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கே கல்கரியில் இருக்கும் மகள் நிரூபாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

நிரூபாவுக்கு முப்பத்தாறு வயது. கலியாணம் செய்யவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கடமைக்கு நாலு நிமிசம் கதைப்பாள். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, சரி வைக்கிறன். அவ்வளவுதான். அன்றைக்கு, "உபதலைவருக்கு என்னைக் கேட்டிருக்கினம், பிள்ளை" என்று சொன்னதும் அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது.

"சீரியஸாவா அம்மா? மேடையிலை இருப்பீங்களா?"

"வெண்டிட்டா இருக்கத்தானே வேணும்."

"அப்ப நான் வாறன். நீங்கள் மேடையிலை இருக்கிறதை நான் பாக்க வேணும்."

நாற்பது நிமிசம் கதைத்தார்கள். ஒன்பது வருசத்தில் நிரூபா ரொறன்ரோவுக்கு வந்தது இரண்டே தரம். இரண்டு தரமும் ஹொட்டலில்தான் தங்கினாள். இந்தமுறை, "உங்கடை வீட்டிலைதான் நிப்பன்" என்றாள். அந்த ஒரு வசனத்துக்காகவே தவமணி அந்தப் பதவியை விரும்பினாள். மேடையும் மாலையும் பிறகுதான். அடுத்த நாளே நிரூபா விமான ரிக்கெற்றும் எடுத்துவிட்டாள். தவமணி கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கினாள். நீலச் சாறி ஒன்றை எடுத்து அயன் பண்ணித் தொங்கவிட்டாள்.

வியாழக்கிழமை பாரிஸிலிருந்து குணவதி ஃபோன் எடுத்தாள். புன்னையடியில் ஆர் ஆரைக் கட்டினது, ஆரின் பாட்டனார் ஆர் வளவில் வேலை செய்தது, எல்லாம் குணவதிக்கு மனப்பாடம். கலியாணம் பேசுகிறவர்கள் லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் அவளுக்குத்தான் எடுப்பார்கள்.

"எடியே தவம், உன்னைப் பற்றி விசாரிச்சவையடி! ஆரோ மார்க்கத்து நவரட்ணமாம். இந்த வயதிலை உனக்குச் சம்பந்தம் வந்திட்டுதோ எண்டு நானும் பயந்திட்டன்!" குணவதி கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். "நான் நல்லாத்தான் சொன்னனான். உழைப்பாளி, நல்ல மனம் எண்டு சொன்னனான். குளத்தடியிலை ஆரின்ரை ஆக்கள் எண்டும் கேட்டவர். உள்ளதைத்தானே சொல்லலாம்? பொய் சொல்லேலாது."

"ஓம், பொய் சொல்லேலாதுதான்," என்றாள் தவமணி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தவமணி நல்லவள், வல்லவள் என்று இவ்வளவு தூரம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டு இதை மறைத்தால் அது பச்சை அயோக்கியத்தனம். ஒன்பது வருசத்துக்கு முந்தி தவமணியும் இதே குணவதிக்கு ஃபோன் எடுத்தவள்.

அது திலக்சன் என்ற பெடியனைப் பற்றி விசாரிக்க. நிரூபாவும் அவனும் பல்கலைக்கழகத்திலிருந்தே விருப்பம். நல்ல வேலை, நல்ல குணம். தவமணிக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. எவடம் என்று கேட்கும்வரைக்கும் பிடித்திருந்தது. குணவதி உள்ளதைச் சொன்னாள். தவமணியின் ஆட்களை நவரட்ணத்தின் ஆட்கள் எந்தப் படியில் வைத்துப் பார்த்தார்களோ, அதற்கும் கீழே ஒரு படி இருந்தது. திலக்சனின் ஆட்களைத் தவமணி அந்தப் படியில் வைத்தாள்.

வோபர்ன் பக்கத்தில் இருந்த திலக்சன் வீட்டுக்கு மகளோடு ஒருநாள் போனாள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அதற்கும் எங்களிடம் ஒரு வழி உண்டு. திலக்சனின் தாய் புதுக் கப்பில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்," என்றாள் தவமணி. கப்பைத் தொடவில்லை. அந்தத் தாய் கப்பைப் பார்த்தாள், தவமணியைப் பார்த்தாள். அதோடு எல்லாம் முடிந்தது. தவமணி வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றாள். நிரூபா வர ஐந்தாறு நிமிசம் ஆனது. "என்ன செய்தனி இவ்வளவு நேரமும்?" என்று கேட்டதற்கு, "சப்பாத்துப் போட்டனான்" என்றாள். அடுத்த மாசம் கல்கரிக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நவரட்ணமும் பிரசாந்தும் சனிக்கிழமை திரும்ப வந்தார்கள். தவமணி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் முன்னால் வைத்தாள். நவரட்ணம் கதிரையின் நுனியில் இருந்தார்.

"தங்கச்சி, நாங்கள் எல்லாரும் நல்லா யோசிச்சுப் பாத்தம். உங்களுக்கு முழங்கால் ஏலாது. மேடையிலை ஏறி இறங்கிறது கஷ்டம். எம்.பி.மார் வருவினம், இங்கிலிசிலை கதைக்க வேணும். உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது எண்டு..."

"ஆரைப் போடுறியள்?"

பிரசாந் கார்ப்பெற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "துர்க்கா ரீச்சரை, அக்கா."

துர்க்கா ரீச்சர் மன்றத்தில் சேர்ந்து மூன்று மாசம். அவருடைய அங்கத்துவ ஃபோமை நிரப்பிக் கொடுத்தது தவமணி. ரீச்சர் இருப்பது மல்வேர்னும் இல்லை. ஆனால் ஊரில் கோயிலடி.

"மல்வேர்ன் சனத்தை மட்டும் நீங்கள் விட்டிடக்கூடாது," என்றார் நவரட்ணம். இப்போது குரலில் தேன் ஒழுகியது. "உங்களை நம்பித்தான் நிக்கிறன். பஸ்ஸுக்குப் பிரசாந் ஒழுங்கு செய்வான். அண்டைக்கு வழமைபோலை உங்கடை கை வடையும் வேணும், என்ன?"

அட மனிதா! இடத்தைப் பறித்த வெட்கமும் இல்லை, வடை கேட்கிற வெட்கமும் இல்லை.

தவமணி மேசையைப் பார்த்தாள். இரண்டு கப்பும் வைத்தது வைத்தபடி இருந்தன. தேத்தண்ணியில் பாலாடை கட்டத் தொடங்கியிருந்தது.

"அண்ணை, தேத்தண்ணியைக் குடியுங்கோ. பேந்து கதைப்பம்."

"எனக்குக் கொஞ்சம் சுகர், தங்கச்சி."

"சீனி போடேல்லை."

பிரசாந்தின் கை கப்புப் பக்கம் கொஞ்சம் போனது. நவரட்ணம் அவனைத் திரும்பிப் பார்த்தார். கை திரும்பி மடிக்கு வந்தது.

"இல்லை," என்றார் நவரட்ணம். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்."

சொல்லுக்குச் சொல் அதே வசனம். ஒன்பது வருசத்துக்கு முன் தவமணி தன் வாயால் சொன்னது அவளுடைய வீட்டுக் கதிரையிலிருந்தே திரும்பி வந்தது. அவள் எழுந்தாள்.

"போன கிழமை நாலு வடை திண்டனீங்கள், அண்ணை. பதினாலு வருசமாத் திண்டனீங்கள். இப்ப விசாரிச்சு அறிஞ்சாப் பிறகு அதை என்ன செய்யப் போறியள்? வாய்க்குள்ளை விரலை விட்டுச் சத்தி எடுக்கப் போறியளோ?"

நவரட்ணம் சப்பாத்து லேசைக்கூடக் கட்டாமல் வெளியே போனார். "சொறி அக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டு பிரசாந்தும் பின்னால் போனான்.

நூற்றுப்பத்துப் பேரின் பெயர் எழுதிய கொப்பி மேசையில் கிடந்தது. மற்றப் பக்கத்துக்கு வாக்குப் போடச் சொல்லலாமா என்று ஒரு நிமிசம் யோசித்தாள். மற்றப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? அவர்களுக்கும் பாரிஸில் ஒரு குணவதி இருப்பாள். கொப்பியை மூடி மேசை லாச்சிக்குள் போட்டாள். நீலச் சாறியை மடித்து வைத்தாள். மகளுக்கு ரிக்கெற்றை மாற்ற நேரம் வேண்டுமே என்று ஃபோனை எடுத்தாள்.

"பிள்ளை, அது சரிவரேல்லை. என்ரை முழங்கால் ஏலாதெண்டு வேறை ஆளைப் போட்டிருக்கினம். நீ மினக்கெட்டு வராதை."

நிரூபா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வந்தவை தேத்தண்ணி குடிச்சவையோ, அம்மா?"

தவமணி பொய் சொல்லலாம் என்று வாயெடுத்தாள், முடியவில்லை. "இல்லை," என்றாள். ஓவென்று அழுதாள். புருசன் செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. "இல்லைப் பிள்ளை, தொடவே இல்லை. நான் அண்டைக்கு அந்த மனிசிக்குச் செய்ததை..."

"அண்டைக்கு நான் சப்பாத்துப் போட ஐஞ்சு நிமிசம் எடுக்கேல்லை," என்றாள் நிரூபா. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நீங்கள் வெளியிலை போனாப் பிறகு திலக்சன்ரை அம்மா அந்தக் கப்பையே பாத்துக்கொண்டு நிண்டவா. நான் திரும்பிப் போய் அதை எடுத்துக் குடிச்சனான். ஆறிப்போய் இருந்தது. முழுக்கக் குடிச்சனான்."

"பிள்ளை..."

"நான் ரிக்கெற்றைக் கான்சல் பண்ணுறன், அம்மா. நீங்கள் மருந்தைப் போட்டிட்டுப் படுங்கோ."

ஃபோன் வைக்கப்பட்டது. தவமணி மேசைக்கு முன்னால் வந்து இருந்தாள். நவரட்ணத்துக்கு வைத்த கப்பை எடுத்து, ஆடையோடு, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.